ரயில் பணிமனையில் ஒரு வருடம்: நாட்டின் முதல் பெண் மின் பொறியாளர் சென்னை லலிதா யார்?

சென்ட்ரலில் இருந்து அம்பத்தூர், ஆவடி பக்கம் தினமும் லோக்கல் ரயிலில் போய் வருபவரா நீங்கள்? அப்படியென்றால் இரண்டு ஸ்டேஷன் பெயர்கள் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ரெண்டுமே ஊர்ப் பெயர் இல்லை, ரயில்வே பணிமனைகளின் பெயர். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தப் பாதையில்தான். அந்தக் காலத்தில் இருந்தே ரயிலைப் பழுது பார்ப்பதும் கட்டுவதும் இந்தப் பகுதி மக்களின் பிழைப்போடு சேர்ந்தே வந்திருக்கிறது.

ஆனால் நாம் இப்போது போகிற மின்சார ரயில் இந்தத் தடத்துக்கு வந்தது ரொம்பப் பிற்பாடுதான். பீச் – தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. சென்ட்ரல் – திருவள்ளூர் பாதை மின்மயமானது 1979 நவம்பர் கடைசியில்.

அதற்குச் சுமார் ஒன்றரை மாதம் முன்பு, 1979 அக்டோபர் 12-ம் தேதி, 60 வயதில் ஒரு பெண் இறந்துபோனார். சென்னையில் பிறந்தவர், கிண்டியில் மின் பொறியியல் படித்தவர், ரயில்வே பணிமனையில் தொழில் பழகியவர். இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் என்று இன்றைக்குச் சொல்லப்படும் ஏ.லலிதா அவர்தான்.

‘முதல் பெண்’ என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்துபோவது சுலபம். ஆனால் அவருடைய வாழ்க்கையை வருடவாரியாகப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரியும். எந்தப் படிப்பு, எந்த ஊர், எந்த வேலை என்ற முடிவுகளில் திரும்பத் திரும்பக் குறுக்கே வந்து நின்றது ஒரே கேள்விதான்: குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

18 வயதில் கைக்குழந்தையோடு

முழுப் பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. 1919 ஆகஸ்ட் 27-ல், சென்னையில் வாழ்ந்த நடுத்தரத் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீட்டில் மொத்தம் ஏழு பிள்ளைகள், இவர் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர்.

பேராசிரியர் வீடுதானே, பெண்களையும் நன்றாகப் படிக்கவைத்திருப்பார்கள் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. ஆண் பிள்ளைகள் இன்ஜினீயர் ஆனார்கள். பெண்களுக்கு அடிப்படைப் படிப்பு, பிறகு கல்யாணம். அன்றைய படித்த குடும்பங்களின் வழக்கம் அதுதான். லலிதாவுக்கு 1934-ல் கல்யாணம் ஆனபோது வயது 15. பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் அமலுக்கு வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ஆக, சட்டப்படி அது குழந்தைத் திருமணம்கூட இல்லை. ஒரு நல்லது, கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளிப் படிப்பை முடிக்கட்டும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார்.

1937-ல் மகள் பிறந்தாள். நாலே மாதத்தில் கணவர் இறந்துவிட்டார்.

கணவரை இழந்த பெண் அன்றைய மேல்சாதிக் குடும்பங்களில் எப்படி நடத்தப்பட்டார் என்பதை நம் பாட்டிமார் கதைகளாகச் சொல்லிக் கேட்டிருப்போம். தலைமுடியை மழிப்பது, ஒருவேளைச் சாப்பாடு, விசேஷங்களில் முகம் காட்டக் கூடாது, வீட்டின் இருட்டு மூலையே கதி. இதை உடைக்கும் முயற்சிகளும் சென்னையில் நடந்துகொண்டுதான் இருந்தன. இளம் வயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, தானும் படித்து, தன்னைப் போன்ற பெண்களுக்கு விடுதியும் நடத்தினார். கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அந்த விடுதி இயங்கியது. அங்கே படித்தவர்கள் பலரும் போனது ஆசிரியர் வேலைக்கு. கைம்பெண்ணுக்கு ‘கௌரவமான’ வேலை என்று சமூகம் ஒத்துக்கொண்டது அதைத்தான்.

லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மேலே படிப்பது என்று முடிவு செய்தார். ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார்.

டாக்டர் ஏன் வேண்டாம்?

அந்தக் காலத்தில் அறிவியல் படித்த பெண்ணுக்கு முன்னால் இருந்த பெரிய கதவு மருத்துவம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 19-ம் நூற்றாண்டிலேயே பெண்கள் படித்திருக்கிறார்கள். 1912-லேயே முத்துலட்சுமி ரெட்டி டாக்டர் ஆகிவிட்டார். அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்தவர்கள் இருந்தார்கள்.

லலிதா கணக்குப் போட்டது வேறு மாதிரி. டாக்டர் என்றால் நடுராத்திரியிலும் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு எந்த நேரமும் ஓட முடியாது. காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை வேண்டும். அப்பா, சகோதரர்கள் எல்லாம் இன்ஜினீயர்கள். அதையே படித்தால் என்ன?

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இன்ஜினீயரிங் ஆம்பளைங்க படிப்பு, டாக்டர் வேலை பெண்களுக்கு ஒத்துவரும் என்று அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பல வருடம் சொன்னார்கள். ஒரு தாயின் வேலை நேரக் கணக்கில் அது அப்படியே தலைகீழாக இருந்திருக்கிறது.

ஆனால் கிண்டி கல்லூரியில் அதுவரை பெண்களைச் சேர்த்ததே இல்லை. 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய இடம், கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டாக ஆண்கள் மட்டுமே. சுப்பா ராவ் நேராகக் கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டாதமின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. இரண்டு பேருமே சம்மதித்தார்கள். அப்பா அங்கேயே பேராசிரியர் என்பது பெரிய செல்வாக்கு, அதை மறைக்க வேண்டியதில்லை. அதே மதிப்பெண்ணோடு அப்பாவின் பெயர் இல்லாத ஒரு பெண் போய் நின்றிருந்தால் கதவு திறந்திருக்குமா என்பது நியாயமான சந்தேகம்தான்.

1940-ல் லலிதா மின் பொறியியலில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். தங்க தனி இடம் ஒதுக்கினார்கள். குழந்தை உறவினர்களிடம் வளர்ந்தாள். படிப்போ, கிண்டலோ அவருக்குப் பெரிய பிரச்சினையாக இருந்ததாகத் தெரியவில்லை, தனிமைதான் பிரச்சினை. அப்பாவிடம் சொன்னார். பெண்களும் சேரலாம் என்று கல்லூரி அறிவிக்கும்படி செய்தார் சுப்பா ராவ். அடுத்த ஆண்டு இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ், இன்னொருவர் பி.கே.திரேசியா. இந்தத் திரேசியாதான் 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனவர்.

இரண்டாம் உலகப் போர் காரணமாகப் படிப்புக் காலத்தைக் குறைத்தார்கள். அதனால் ஒரு வருடம் ஜூனியர்களான அந்த இருவரும் லலிதாவோடு சேர்ந்தே பட்டம் வாங்கினார்கள். சான்றிதழ் அச்சடித்து வைத்திருந்ததில் ‘அவன்’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்தான் இருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று மேலே எழுதிக் கொடுத்தார்கள். புதுசாக அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை போல.

ஜமால்பூர்: புகையும் இரும்பும்

அன்றைக்கு இன்ஜினீயராக முழுத் தகுதி பெற வகுப்பறைப் படிப்பு மட்டும் போதாது, ஒரு வருடச் செய்முறைப் பயிற்சியும் வேண்டும். லலிதா அதற்காகப் போனது பிஹாரில் இருக்கும் ஜமால்பூர் ரயில்வே பணிமனைக்கு.

சாதாரண இடம் இல்லை அது. கிழக்கிந்திய ரயில்வே 1862-ல் தொடங்கிய பணிமனை, இந்தியாவின் பழைமையான பெரிய ரயில்வே பணிமனைகளில் ஒன்று. நீராவி இன்ஜினை முழுக்கப் பிரித்து, பாய்லரைச் சோதித்து, சக்கரத்தைக் கடைந்து, மறுபடி பூட்டி அனுப்பும் ஊர். வார்ப்படம், கொல்லுப்பட்டறை, லேத், கிரேன் என்று எல்லாம் ஒரே வளாகத்தில். 1927 முதல் ரயில்வேயின் எதிர்கால அதிகாரிகளாகப் போகும் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ அப்ரெண்டிஸ்களுக்கும் அங்கேதான் பயிற்சி. அவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

நீராவி இன்ஜின் காலத்தில் மின் பொறியாளருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே உண்டு. நீராவி ரயில் ஓடினாலும் அதைச் செப்பனிடும் பணிமனை அப்போதே மின்சாரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார்கள், தலைக்கு மேல் நகரும் கிரேன்கள், மின் விநியோகம். ரயில் பெட்டிக்குள் எரியும் விளக்குக்கே சக்கர அச்சோடு பெல்ட் போட்டு இணைத்த டைனமோவும் பேட்டரியும் வேண்டும். ஜமால்பூர் பணிமனைக்குச் சொந்தமாக மின் நிலையமே இருந்தது.

ரயில்வேயில் பெண்கள் வேலை செய்வதே அப்போது புதுசா? இல்லை. இதைத்தான் பலரும் தவறாக நினைக்கிறோம். 19-ம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்டபோதே மண் சுமந்ததில், ஜல்லி கொட்டியதில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். மும்பை பக்கம் போர் காட் மலைப் பாதையில் குடும்பம் குடும்பமாக வேலை செய்திருக்கிறார்கள். கூலி வேலைக்குப் பெண் வரலாம், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. வரைபடத்தையும் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு இதை இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லக்கூடிய இடத்துக்கு ஒரு பெண் வருவதுதான் புதுசு.

கதைகளும் இந்த வித்தியாசத்தை அப்படியே காட்டுகின்றன. ரயில்வே காலனிப் பெண்ணை வைத்து எழுதிய ஆங்கில நாவல்களில் பிரபலமானது ஜான் மாஸ்டர்ஸ் 1954-ல் எழுதிய ‘பவானி ஜங்ஷன்’. நாயகி விக்டோரியா ஜோன்ஸ் இன்ஜின் டிரைவரின் மகள், ஆங்கிலோ இந்தியப் பெண். போர்க்காலத்தில் ராணுவத்தின் மகளிர் துணைப் படையில் சேர்ந்தவர். கதை முழுக்க ரயில்வே இருக்கிறது, ஆனால் அவர் இன்ஜினைத் தொடுபவர் இல்லை. தமிழில் தி.ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ சிறுகதையை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதில் ரயிலில் வரும் சின்னப் பெண் கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். நம் கதைகளில் பெண் பெரும்பாலும் ரயிலில் பயணம் செய்பவள், வழியனுப்ப வந்து நிற்பவள். பணிமனைக்குள் பயிற்சிக்குப் போன லலிதா மாதிரி ஒருத்தியை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்ததாக எனக்குத் தெரியவில்லை. நிஜத்தில் அவர் இருந்தார்.

இன்னொரு விஷயம், சட்டம். அன்றைய 1934 தொழிற்சாலைச் சட்டப்படி மாலை 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த விதி. ஆனால் மூன்று ஷிப்ட் ஓடும் பணிமனையில் இரவு ஷிப்ட் பார்க்க முடியாதவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? பாதுகாப்பது போலவும் இருந்தது, கதவைச் சாத்துவது போலவும் இருந்தது.

பயிற்சி முடிந்தது. லலிதாவின் மகளுக்கு அப்போது ஆறேழு வயது.

சிம்லாவும் கல்கத்தாவும்

1944-ல் சிம்லாவில் மத்தியத் தரநிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த வேலையை அவர் ஏற்றுக்கொள்ள முக்கியக் காரணம், சிம்லாவில் சகோதரரின் குடும்பம் இருந்தது. அந்த வீட்டிலேயே தங்கலாம், மகளும் அங்கேயே வளரலாம். சுமார் இரண்டு வருடத்துக்கு மேல், 1946 டிசம்பர் வரை அங்கே இருந்தார். அந்தக் காலத்திலேயே லண்டனில் உள்ள கட்டமைப்புப் பொறியாளர்கள் நிறுவனத்தின் தேர்வையும் எழுதினார்.

பிறகு சில மாதங்கள் அப்பாவின் ஆராய்ச்சிக்குத் துணை. சுப்பா ராவ் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். மின்சாரத்தால் இயங்கும் ‘ஜெலக்ட்ரோமோனியம்’ என்ற இசைக் கருவி, புகை வராத அடுப்பு, மின்சாரச் சுடர் உண்டாக்கும் கருவி என்று என்னென்னவோ செய்து பார்த்தார். மகளுக்கு அது பிடித்திருக்கலாம். ஆனால் அதில் வருமானம் இல்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்குச் சம்பளம் வேண்டும்.

1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். சுருக்கமாக ஏ.இ.ஐ. அங்கும் உறவினர் வீடு இருந்தது, மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. கிட்டத்தட்ட 30 வருடம் அதே வேலைதான். நிறுவனம் பிறகு ஜி.இ.சி.யோடு இணைந்தபோதும் தொடர்ந்தார். 1977-ல் ஓய்வு பெற்றார்.

மின்கடத்திப் பாதைகள், துணை மின் நிலையங்களின் அமைப்பு, பாதுகாப்புக் கருவிகள், இவைதான் அவர் துறை. பாதுகாப்புக் கருவி என்றால் என்ன? உயரழுத்தக் கம்பியில் எங்கோ மரம் விழுகிறது அல்லது மின்மாற்றியில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் அந்தப் பகுதியை மட்டும் துண்டிக்க வேண்டும். தாமதமானால் கருவி எரியும், தேவையில்லாமல் துண்டித்தால் ஊரே இருளும். எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு மின்னோட்டத்துக்குத் துண்டிப்பது என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பவர்தான் வடிவமைப்பாளர். அம்பத்தூர் எஸ்டேட்டில் சுவிட்ச்கியர், பேனல் போர்டு செய்யும் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் லலிதாவுக்குப் பங்கு உண்டு.

லண்டனின் மின் பொறியாளர்கள் நிறுவனம் 1953-ல் அவரை இணை உறுப்பினராகவும், 1966-ல் முழு உறுப்பினராகவும் ஏற்றது.

நியூயார்க்கில் ஒற்றை இந்தியப் பெண்

1964-ம் வருடம். இங்கே அம்பத்தூரில் தொழிற்பேட்டை தொடங்கிய அதே வருடம், ஜூன் மாதம் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. இந்தியாவில் பெண் பொறியாளர்களுக்கு என்று சங்கம் எதுவும் அப்போது இல்லாததால், தனிப்பட்ட முறையில் போய்க் கலந்துகொண்டார் லலிதா. இந்தியாவில் இருந்து வந்த ஒரே பெண் பொறியாளர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பிறந்திருந்தால் கணவரின் சிதையில் தன்னையும் ஏற்றியிருப்பார்கள் என்று அங்கே அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மிகைப்படுத்தல் இல்லை. சதி ஒழிப்புச் சட்டமே வந்தது 1829-ல்தான்.

அடுத்த வருடம் லண்டனின் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். இரண்டாவது மாநாடு 1967-ல் கேம்பிரிட்ஜில் நடந்தபோது, இந்தியப் பிரதிநிதியாக இருந்து ஆள் சேர்த்தார். அந்த முறை இந்தியாவில் இருந்து ஐந்து பெண் பொறியாளர்கள் போனார்கள். கிண்டியில் தனிமை தாங்காமல் அப்பாவிடம் சொன்ன பெண் செய்த காரியம் என்று நினைத்துப் பார்த்தால், இது ஆச்சரியமாக இல்லை.

அவருக்குப் பிறகு என்ன மாறியது?

ஓய்வுக்கு இரண்டே வருடத்தில் லலிதா இறந்துவிட்டார். ரயில்வேயில் மாற்றம் அதன் பிறகும் மெதுவாகத்தான் நடந்தது. சுரேகா யாதவ் உதவி டிரைவராக வந்தது 1980-களின் கடைசியில். ரயில்வே வாரியத்தின் தலைமைப் பொறுப்புக்கு முதல் பெண்ணாக ஜெயா வர்மா சின்ஹா வந்தது 2023 செப்டம்பரில். இன்ஜினில் கழிப்பறை வைக்கத் தொடங்கியதே 2016-ல்தான். அதுவும் எல்லா இன்ஜினிலும் இல்லை. பல மணி நேரம் இன்ஜினிலேயே இருக்க வேண்டிய பெண் லோகோ பைலட்டுக்கு இது என்ன பாடு என்று விளக்க வேண்டுமா?

இரவுப் பணித் தடை என்னாச்சு? 1934 சட்டத்துக்குப் பதில் வந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் அது 66-வது பிரிவாகத் தொடர்ந்தது. அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. போக்குவரத்து, பாதுகாப்பு, தனி ஓய்வறை போன்ற ஏற்பாடுகளை நிறுவனம் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

லலிதாவைத் துரத்திய அந்தக் கேள்விக்கு, அதாவது குழந்தையை யார் பார்ப்பது என்பதற்கு, சட்டத்தில் ஒரு பதில் வந்தது 2017-ல். மகப்பேறு பலன் சட்டத் திருத்தப்படி 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். ஐ.டி. ஆபீஸ், தொழிற்சாலை எதுவானாலும் சரி. தாய் ஒரு நாளில் நாலு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம், ஓய்வு நேரத்தில் போவதும் அதில் சேரும். வேலையில் சேரும்போதே இந்த வசதி பற்றிப் பெண் ஊழியர்களுக்கு நிறுவனம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் காப்பக விதி தொடர்கிறது. உங்கள் ஆபர் லெட்டரோடு வந்த காகிதங்களில் அப்படி ஏதாவது இருந்ததா என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் எச்.ஆரிடம் கேட்கலாம், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.